ஆட்டம் இல்லை என்று நான் எழுதிய பல்

என்னிடம் கடைசி வரைக்கும் தோற்காத அத்தைக்கு,

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. கருமாதி முடிந்தது, மாசா மாசம் படையல் போடுகிறோம், உங்கள் புடவைகளைக்கூடப் பங்கு பிரித்துக் கொடுத்தாயிற்று. ஆனால் என்னைப் பற்றி நீங்கள் ஊருக்குள் சொல்லிவிட்டுப் போன பேச்சு மட்டும் இன்னும் நல்ல உடம்போடு நடமாடிக்கொண்டிருக்கிறது.

நேற்று நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பல் முகாமின் கடைசி நாள். ஏரிக்கரைத் தெருவிலிருந்து ஒரு பெரியவர் கைத்தடியோடு வந்தார். வெள்ளைக் கோட்டு போட்டு நின்றிருந்த என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ அஞ்சலை மருமவதான?" என்றார். ஆமாம் தாத்தா என்றேன். "வேற யாருனா இருந்தா சொல்லும்மா. நான் அவங்ககிட்ட ஒக்காந்துக்கறேன்" என்றார். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

எங்கள் மேடம் கல்லூரி மலருக்கு ஒரு அனுபவக் கட்டுரை கேட்டிருக்கிறார். பல் சுகாதாரப் படிப்பில் நீ எப்படி வளர்ந்தாய் என்று எழுது என்றார். நான்கு முறை உட்கார்ந்து பார்த்தேன். கட்டுரை வரவில்லை, உங்களோடு சண்டைதான் வந்தது. சரி, சண்டையாகவே எழுதிவிடுகிறேன். மற்றவர்களும் படிக்கப் போகிறார்கள் என்பதால் உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. குறுக்கே பேசாமல் கேளுங்கள். அது உங்களால் முடியாது என்று தெரியும்.

பாகூர் கடைத்தெருவில் ஒரு பல் டாக்டர் கிளினிக்கில் நான் மூன்று வருடம் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். ஒருநாள் டாக்டர் கூப்பிட்டு, பல் சுத்தம் செய்வதற்கென்றே இரண்டு வருடப் படிப்பு இருக்கிறது, ப்ளஸ் டூவில் சயின்ஸ் படித்தவள்தானே, நீ ஏன் சேரக் கூடாது என்று கேட்டார். வீட்டுக்கு வந்து உங்களிடம்தான் முதலில் சொன்னேன். அதுவே தப்பு. உங்கள் பிள்ளையிடம் சொல்லிவிட்டு உங்களிடம் வந்திருக்க வேண்டும். நீங்கள் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தீர்கள். முறம் நிற்கவே இல்லை.

"பல்லு வெளக்கறதுக்கு ரெண்டு வருசம் படிப்பா? நான் வேப்பங்குச்சி வெச்சி ரெண்டு நிமிசத்துல வெளக்கிடுவேனே."

"வெளக்கறது இல்ல அத்தை. பல்லுல கட்டியிருக்கற காரைய எடுக்கறது, ஈறு நோய் பாக்கறது, பள்ளிக்கூடத்துப் பசங்களுக்குச் சொல்லிக் குடுக்கறது."

"கல்யாணம் ஆயி புள்ள பெத்தவ, போயி அடுத்தவன் வாய நோண்டப் போறாளாம். சோறு யாரு ஆக்குவா?"

அன்று மாலைக்குள் இது பால் சொசைட்டி வரைக்கும் போய்விட்டது. என் மருமவ பல்லு வெளக்கப் படிக்கப்போறா என்று நீங்களே சொல்லிச் சிரித்ததாகக் கேள்விப்பட்டேன். சேர்ந்த முதல் நாள் காலையில் கண் விழித்துப் பார்த்தால் அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. "ஒனக்காவ ஒண்ணும் ஆக்கல. எனக்குப் பசிக்குது" என்றீர்கள். விடிகாலை ஐந்து மணிக்கு உங்களுக்குச் சாம்பார் சாதப் பசி. அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் ஒரு நாளும் தவறாமல் டப்பா கட்டிக் கொடுத்தீர்கள், ஒரு நாளும் தவறாமல் அதைச் சொல்லியும் காட்டினீர்கள். டப்பாவில் சோறு மிச்சம் வந்தால் அதற்கு வேறு பேச்சு. நன்றி சொல்லலாம் என்று வாயெடுத்தால் அதற்குள் ஒரு திட்டு வந்து விழும். உங்களுக்கு நன்றி சொல்வது எப்படி என்று எனக்குக் கடைசி வரைக்கும் பிடிபடவில்லை.

படிப்பு ஒன்றும் லேசாக இல்லை அத்தை. வகுப்பில் எல்லாரும் பதினெட்டு வயதுப் பெண்கள். நான் ஒருத்திதான் இருபத்தெட்டு. என்னை அக்கா என்று கூப்பிட்டுவிட்டு என்னைவிட இரண்டு மடங்கு மார்க் வாங்கினார்கள். ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு எண், ஒவ்வொரு பல்லுக்கும் எத்தனை வேர், எந்தப் பக்கம் எத்தனை முனை. பாகூரில் பஸ் ஏறினால் புதுச்சேரி வரும் வரைக்கும் மனப்பாடம் செய்வேன். பக்கத்து சீட்டுக்காரர்கள் நான் ஏதோ மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்துத் தள்ளி உட்காருவார்கள். முதல் பரீட்சையில் இரண்டு பாடத்தில் ஃபெயில்.

பிறகு பொம்மைத் தலை. நாற்காலியில் ஒரு தலை மட்டும் இருக்கும், வாயைத் திறந்தபடி. அதன் பல்லில் பூசியிருக்கும் காரையை ஈறில் கீறல் விழாமல் சுரண்டி எடுக்க வேண்டும். கருவியைப் பேனா மாதிரிப் பிடி, நடுவிரலைப் பல்லில் ஊன்று, மணிக்கட்டைத் திருப்பு, விரலால் இழுக்காதே என்று மேடம் என் முதுகுக்குப் பின்னாலேயே நிற்பார். மூன்று மாதம் கை வலித்தது. நான்காவது மாதம் ஒருநாள், கருவி பல்லின் மேல் வழுக்கிக்கொண்டு போகும்போது காரை எங்கே இருக்கிறது என்று விரலுக்கே தெரிந்தது. கண்ணால் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை உங்களிடம் வந்து சொன்னேன். "பொம்மைக்கு வலிச்சுதா?" என்று கேட்டீர்கள்.

முதல் வருடக் கடைசியில் ஒவ்வொருவரும் ஒரு ஆளை முழுதாகப் பார்க்க வேண்டும். பரிசோதித்து அட்டையில் எழுதி, சுத்தம் செய்து, ஒரு மாதம் கழித்து மறுபடி வரவழைத்துப் பார்க்க வேண்டும். முதலில் உங்கள் பிள்ளையைத்தான் கேட்டேன். "எனக்குப் பல்லு நல்லாதான் கீது" என்று மோட்டார் கொட்டகைக்குக் கிளம்பிவிட்டார். உங்களைக் கேட்டபோது, பல்லைச் சுத்தம் செய்தால் ஆடிப் போகும் என்றீர்கள். ஊர் மொத்தமும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் கல்லூரிக்காரர்கள் நடத்தும் கிளை கிளினிக் வில்லியனூரில் இருக்கிறது என்று சொன்னதும் உங்கள் முகம் மாறியது. வைகாசித் தேர் சமயம். கோயிலுக்குக் கூட்டிப்போவதாக இருந்தால் வருகிறேன் என்றீர்கள். எனக்காக வரவில்லை, சாமிக்காகத்தான் வந்தீர்கள். அதையும் வழி நெடுக, கரிக்கலாம்பாக்கம் தாண்டுவதற்குள் மூன்று முறை சொன்னீர்கள்.

நாற்காலி பின்னால் சாய்ந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டீர்கள். "ஏய், கவுக்காதடி" என்றீர்கள். அத்தனை வருடத்தில் நீங்கள் என் கையைப் பிடித்தது அப்போதுதான்.

கீழ்வரிசை முன்பற்கள் ஆறும் காரைக்குள் புதைந்து கிடந்தன. பின்பக்கம் சுவர் எழுப்பிய மாதிரி. ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்தேன். நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை, பேச முடியாதே. முடித்துக் கண்ணாடி கொடுத்தேன். பார்த்துவிட்டு, "நடுவுல சந்து வந்துடுச்சே" என்றீர்கள், அவ்வளவுதான். கோயிலுக்குப் போனோம். வரிசையில் நின்றபோது ஒரு பாட்டில் தண்ணீர் மொத்தமும் நீங்கள்தான் குடித்தீர்கள்.

மூன்றாம் நாள் இட்லி சாப்பிடும்போது நடுப்பல் கழன்று கையில் வந்தது. நான் அப்போது கல்லூரியில் இருந்தேன். மாலையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே தெரிந்துவிட்டது, ஏனென்றால் ஸ்டாப்பில் நின்றவர்கள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். பல்லைக் காலண்டர் தாளில் மடித்து ரேஷன் கடைக்கும் நூறு நாள் வேலைக்கும் எடுத்துப் போயிருக்கிறீர்கள். "பாருங்கடி, எம்மருமவ படிச்ச படிப்பு" என்று பிரித்துக் காட்டியிருக்கிறீர்கள். எதிர்வீட்டுத் தேவகி அக்கா அதைக் கையில் வாங்கியே பார்த்ததாம்.

"அது ஏற்கெனவே ஆடுன பல்லு அத்தை. எலும்பு கரைஞ்சி போயி, காரைதான் அதப் புடிச்சிக்கினு இருந்துச்சு" என்றேன்.

"அப்ப அந்தக் காரைய இன்னாத்துக்குடி எடுத்த?"

பதில் பாடப்புத்தகத்தில் இருந்தது, வாயில் வரவில்லை. ஒரு வாரம் நாம் பேசிக்கொள்ளவில்லை. காலையில் டப்பா மட்டும் ஜன்னல் ஓரம் இருக்கும். ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனைக்குக் கூப்பிட்டபோது நீங்கள் வரவில்லை. அட்டையில் "வரவில்லை" என்று எழுதி மூடிவிட்டேன். அதற்கு மார்க் குறைந்தது. அந்தக் கோபத்தில் நான் உங்கள் வாயைப் பற்றி மறுபடி யோசிக்கவே இல்லை.

தை மாதம் அறுப்பு மெஷின் நம் வயலுக்கு வந்த அன்று களத்திலிருந்து நீங்கள் சீக்கிரமாகத் திரும்பி வந்தீர்கள். "என்னமோ மாதிரி கீதுடி" என்றீர்கள். நெஞ்சு வலிக்குதா என்று கேட்டேன், இல்லை என்றீர்கள். வேர்வை மட்டும் கொட்டியது. ஆட்டோவில் பாகூர் போய், அங்கிருந்து ஆம்புலன்ஸில் டவுனுக்குப் போனோம். அங்கே ஒரு டாக்டர் உங்கள் பிள்ளையிடம், "அம்மாவுக்கு சுகர் எத்தனை வருஷமா இருக்கு?" என்று கேட்டார். "எங்கம்மாவுக்கு அதெல்லாம் இல்ல சார்" என்றார் இவர். டாக்டர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். இவரைப் பார்த்தார். உள்ளே போனார். ரொம்ப நாளாக சர்க்கரை இருக்கிறவர்களுக்கு மாரடைப்பு சில சமயம் வலியே இல்லாமல் வரும் என்று பிறகு சொன்னார்கள். சொன்னபோது நீங்கள் இல்லை.

மாசியில் வகுப்புக்குத் திரும்பினேன். இரண்டாவது வாரம் மேடம் போர்டில் ஈறின் படம் வரைந்து பாடம் எடுத்தார். ஈறில் திரும்பத் திரும்பக் கட்டி வந்தால், வாய் எப்போதும் காய்ந்து கிடந்தால், பல் வேகமாக ஆட ஆரம்பித்தால், பல்லை மட்டும் பார்க்காதீர்கள், சர்க்கரையை நினையுங்கள் என்றார். தாகம் எடுக்கிறதா, எடை குறைகிறதா, கால் எரிகிறதா என்று கேளுங்கள் என்றார். மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். என் பேனா ஓடவில்லை.

ஏனென்றால் அத்தனையும் நீங்கள். ஈறில் கட்டி வரும்போதெல்லாம் உப்பும் கிராம்பும் வைத்து அழுத்திக்கொள்வீர்கள். தண்ணீர்ச் சொம்பு கையை விட்டு இறங்காது, கேட்டால் வெயில் என்பீர்கள். ரவிக்கை தொளதொளவென்று ஆகியது, கேட்டால், "ஒன் சமையலத் தின்னா ஒடம்பு எங்கேந்து தேறும்" என்பீர்கள். பாதம் எரிகிறது என்று ஈரத் துணி சுற்றிக்கொண்டு உட்காருவீர்கள். ஒன்றுக்காவது நேராகப் பதில் சொல்லியிருக்கிறீர்களா? ஒரு தடவையாவது ஆஸ்பத்திரிக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறீர்களா?

அன்று மதியம் ரெக்கார்டு ரூமுக்குப் போய் உங்கள் அட்டையைத் தேடி எடுத்தேன். என் கையெழுத்து. வாய் வறட்சி: உண்டு. ஈறில் கட்டி: இரண்டு இடத்தில். பற்களின் ஆட்டம்: இல்லை.

முதல் இரண்டும் சரியாகத்தான் எழுதியிருந்தேன், அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாமல். மூன்றாவது பொய் அத்தை. ஆட்டம் பார்ப்பதற்கு இரண்டு கருவிகளின் பிடியைப் பல்லின் முன்னும் பின்னும் வைத்து மெல்ல அசைக்க வேண்டும். உங்கள் பல்லை அப்படி அசைத்துப் பார்க்க எனக்குக் கை வரவில்லை. ஆடினால் நீங்கள் கத்துவீர்கள், எழுந்து போய்விடுவீர்கள், எனக்கு வேறு ஆள் கிடைக்காது. அதனால் பார்க்காமலேயே "இல்லை" என்று எழுதினேன். மேடம் கேட்டபோதும் பார்த்தேன் என்றேன். அன்றைக்கு அதைப் பெரிய விஷயமாக நினைக்கவில்லை. பிறகு மறந்தே போனேன். ஊரெல்லாம் என்னைப் பொல்லாதவளாக்கி விட்டீர்கள் என்று உங்கள் மேல் மாதக்கணக்கில் கோபப்பட்டேனே, அத்தனை மாதமும் அந்த அட்டை அங்கே அலமாரியில் இருந்திருக்கிறது.

மேடத்திடம் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அட்டையை வாங்கிப் பார்த்தார். "இதை அடிக்காத, திருத்தாத. அப்படியே இருக்கட்டும். பக்கத்துல இன்னைக்குத் தேதி போட்டு, உண்மையை எழுதிக் கையெழுத்துப் போடு" என்றார். எழுதினேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த இரண்டு வருடத்தில் ரொம்ப நேரம் பிடித்தது.

சரியாகப் பார்த்திருந்தால் மட்டும் நீங்கள் இருந்திருப்பீர்களா? ரத்தம் கொடுக்க ஊசிக்குக் கை நீட்டியிருப்பீர்களா? மாத்திரை போட்டிருப்பீர்களா? எனக்குத் தெரியவில்லை. உங்களைத் தெரிந்தவர்கள் யாருக்கும் தெரியாது.

ஆவணியில் எங்களுக்கு ஊர்ப் பணி. ஆளுக்கு ஒரு கிராமம், தொடர்ந்து ஆறு சனிக்கிழமை. மக்களைக் கூட்டிப் பேச வேண்டும், பரிசோதிக்க வேண்டும், அங்கேயே மடக்கு நாற்காலியில் மேடம் மேற்பார்வையில் சுத்தம் செய்ய வேண்டும். எனக்கு எந்த ஊர் விழுந்தது தெரியுமா? நம் ஊர். பாகூரைச் சுற்றி அத்தனை ஊர் இருக்க, பூரணாங்குப்பம் கேட்டேன், கொடுக்கவில்லை. சொந்த ஊரென்றால் சுலபம், எல்லாரும் வருவார்கள் என்றார்கள். அவர்களுக்கு உங்களைத் தெரியாது.

முதல் சனிக்கிழமை மூன்று பேர் வந்தார்கள். அதில் இரண்டு பேர் இலவச பேஸ்ட் எப்போது கொடுப்பீர்கள் என்று கேட்க வந்தவர்கள். பெரிய பொம்மைப் பல்லைக் கையில் வைத்துக்கொண்டு, "பற்களை நாளொன்றுக்கு இருமுறை துலக்க வேண்டும், ஈறு நோய்கள் ஆரம்பத்தில் வலியின்றியே வரும்" என்று நான் பேசினேன். வாசலில் நின்றிருந்த தேவகி அக்கா, "யம்மா, ரேடியோ மாதிரி பேசாத. ஒன் மாமியா பல்லையே ஒன்னால காப்பாத்த முடியல, எங்க பல்ல காப்பாத்தப் போறியா?" என்றது. மொத்தப் பேரும் சிரித்தார்கள். இரண்டாவது சனிக்கிழமை ஒருவரும் இல்லை. மடக்கு நாற்காலியில் ஒரு கோழி ஏறி உட்கார்ந்தது. மேடம் என்னைக் கூப்பிட்டு, "ஆளே இல்லாத முகாமுக்கு நான் இன்னா மார்க் போடறது?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து உங்கள் பிள்ளையிடம் கத்தினேன். செத்தும் உங்கம்மா என்னை நிம்மதியாகப் படிக்க விடவில்லை என்றேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "எங்கம்மா சொன்னதுல இன்னா பொய்யி? பல்லு வுழுந்துச்சா இல்லியா?"

அந்த ஆள் வருடத்துக்கு ஒரு தடவைதான் உருப்படியாக ஏதாவது பேசுவார். அன்றைக்குப் பேசிவிட்டார்.

வெள்ளிக்கிழமை மகளிர் குழுக் கூட்டம். தலைவியிடம் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கினேன். படமும் எடுத்துப் போகவில்லை, பொம்மைப் பல்லும் எடுத்துப் போகவில்லை. முப்பது பெண்களுக்கு எதிரே நின்றேன். உள்ளதைச் சொன்னேன். எங்க அத்தை பல்லு ஆடுதான்னு நான் பார்க்கவே இல்லை. பார்க்காமலே ஆடலைன்னு எழுதினேன். சொல்லாமலே காரையை எடுத்தேன். அது என் தப்பு என்றேன்.

தேவகி அக்காதான் முதலில் பேசியது. "அப்ப அஞ்சலக்கா சொன்னது நெசம்தான்."

"பாதி நெசம்க்கா."

"மீதி பாதி?"

"அந்தப் பல்லு எப்பிடியும் நின்னிருக்காது. ஆனா அத மொதல்லயே சொல்லிட்டுத் தொட்டிருக்கணும்."

"சொல்லியிருந்தா அந்தம்மா தொட வுட்டுருக்குமா?"

"வுட்டுருக்காது."

சிரிப்பு எழுந்தது. ஒருத்தர் மேல் ஒருத்தர் சாய்ந்து சிரித்தார்கள். இந்த முறை உங்களை நினைத்து. எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. உங்களுக்குப் பிடித்திருக்காது. எனக்கு ரொம்ப நாளாக அது வேண்டியிருந்தது.

மறுநாள் தேவகி அக்கா முகாமுக்கு வந்தது. "எதையும் எடுக்கக் கூடாது. பாக்கறதுன்னா பாரு" என்று நிபந்தனை போட்டது. கண்ணாடியை அதன் கையிலேயே கொடுத்தேன். ஒவ்வொரு பல்லாக அசைத்துக் காட்டினேன். "இது கெட்டியா கீது. இதுவும் கெட்டி. இது ஆடுது பாருங்க. நான் இன்னும் ஒண்ணுமே பண்ணலக்கா." அது கண்ணாடியை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டே இருந்தது. "இத்தினி நாளா ஆடிக்கினுதான் இருந்துதா?" என்றது.

பிறகு ஈறைப் பார்த்தேன். இரண்டு இடத்தில் கட்டி. நாக்கு காய்ந்து கிடந்தது. உங்கள் அட்டையில் நான் எழுதியதும் இதேதான் அத்தை.

"தாகம் ஜாஸ்தி எடுக்குதாக்கா?"

"வெயில்ல நாத்து நட்டா தாகம் எடுக்காம இன்னா பண்ணும்?"

"கால்ல இன்னா கட்டு?"

"முள்ளு குத்துன புண்ணு. ஒரு மாசம் ஆவுது, ஆற மாட்டேங்குது. எல்லாம் சேத்துத் தண்ணி."

எத்தனை பேருக்குத்தான் இதே பதிலைச் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள்? மேடத்தைக் கூப்பிட்டேன். அவரும் பார்த்துவிட்டு ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதினார். சீட்டைக் கையில் கொடுத்தால் அது அரிசிப் பானைக்குள் போகும் என்று எனக்குத் தெரியும், நம் வீட்டில் பார்த்ததுதான். திங்கட்கிழமை காலை கல்லூரிக்கு லீவு சொல்லிவிட்டு, நானே அக்காவை வெறும் வயிற்றோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அக்கா வழியெல்லாம் பசிக்குது என்று திட்டிக்கொண்டே வந்தது. சர்க்கரை ஏகத்துக்கு ஏறிக் கிடந்தது. காலைப் பார்த்த டாக்டர், இந்தப் புண்ணை இன்னும் கொஞ்ச நாள் இப்படியே விட்டிருந்தால் விரலை எடுக்க வேண்டி வந்திருக்கும் என்றார். தேவகி அக்கா பெஞ்சில் உட்கார்ந்து என்னையே பார்த்தது. திட்டப் போகிறது என்று நினைத்தேன். என் கோட்டு நுனியைப் பிடித்துக்கொண்டு, "அஞ்சலக்காவுக்கும் இதான் இருந்துதா?" என்று மெல்லக் கேட்டது. ஆமாம் என்றேன்.

இப்போது காலில் புண் ஆறி வருகிறது. வாய் ஆறவில்லை. "பல்லக் காட்டச் சொல்லி சக்கரையக் கண்டுபுடிச்சிட்டா. அவகிட்ட வாயத் தொறக்காதீங்கடி, உள்ள கீறதெல்லாம் படிச்சிடுவா" என்று தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. உங்கள் இடம் காலியாகவில்லை, கவலைப்படாதீர்கள். அதைக் கேட்டு அடுத்த சனிக்கிழமை பள்ளிக்கூட வாசல் வரைக்கும் வரிசை. பல்லுக்காக அல்ல. வாயைப் பார்த்து சர்க்கரை இருக்கிறதா இல்லையா என்று சொல்ல வேண்டுமாம். வாயைப் பார்த்துச் சந்தேகப்படத்தான் முடியும், ரத்தம்தான் பதில் சொல்லும் என்று ஆள் ஆளாகச் சொல்லி என் தொண்டை கட்டிப் போனது. ஜோசியக்காரி ஆக்கிவிட்டார்கள் என்னை. நேற்று வந்த அந்தக் கைத்தடிப் பெரியவர்கூட, கூட்டம் அதிகமானதால் எனக்கு உதவிக்கு வந்திருந்த, என்னோடு படிக்கிற பெண்ணிடம் உட்கார்ந்து பல்லைக் காட்டிவிட்டு, போகும்போது என் பக்கம் வந்து நாக்கை மட்டும் நீட்டினார்.

ஆனால் வந்தவர்கள் ஒவ்வொருவர் கையிலும் கண்ணாடியைக் கொடுத்தேன். ஆடுகிற பல்லை முதலில் காட்டினேன். சுத்தம் செய்தால் சந்து தெரியும், கொஞ்ச நாள் கூசும், இந்தப் பல் நிற்காமலும் போகலாம், உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டேன். வேண்டாம் என்று எழுந்து போனவர்களும் உண்டு. போகட்டும் என்று விட்டேன். அட்டையில் நான் பார்த்ததை மட்டும் எழுதினேன். மேடம் கடைசியில் எல்லா அட்டையையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "இப்பதான் ஒன் கையெழுத்த நம்பலாம்னு தோணுது" என்றார். பாராட்டா, குத்தலா என்று தெரியவில்லை. அவரும் உங்கள் ஜாடைதான்.

அடுத்த மாதம் கடைசிப் பரீட்சை. பாகூர் டாக்டர், முடித்ததும் சீட்டு எழுதும் மேஜைக்கு வராதே, நேராக நாற்காலிப் பக்கம் வா என்று சொல்லியிருக்கிறார்.

எல்லாவற்றையும்விட எனக்கு இப்போது தலைவலி உங்கள் பிள்ளைதான். அம்மாவுக்கு சர்க்கரை இருந்தது, இவருக்கும் நாற்பது நெருங்குகிறது, ஒரு நாளைக்கு ஆறு டீ. தேவகி அக்காவைக் கூட்டிப்போன அன்றிலிருந்து கேட்கிறேன், ஒரு தடவை ரத்தம் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள் என்று. இன்றைக்கு உரம் போடணும், நாளைக்கு மோட்டார் ரிப்பேர், நாளை மறுநாள் அமாவாசை. ஊரில் இத்தனை பேர் வாயைத் திறக்க வைத்த என்னால் இந்த ஒரு ஆளைக் கை நீட்ட வைக்க முடியவில்லை. யார் வளர்த்த பிள்ளை?

நாளை திங்கட்கிழமை. காலையில் டீ கிடையாது என்று சொல்லிவிட்டேன். பால் பாத்திரத்தைக் கவிழ்த்தே வைத்திருக்கிறேன். "எங்கம்மா இருந்திருந்தா ஒன்ன இன்னா பண்ணியிருப்பா தெரியுமா?" என்று கேட்டார். தெரியும். எனக்குத் தெரியாமல் அவருக்கு ஒரு டம்ளர் டீ போட்டுக் கொடுத்திருப்பீர்கள், சர்க்கரை தூக்கலாக. நீங்கள் என் பக்கம் நின்றிருப்பீர்கள் என்று எழுதினால் கடிதம் அழகாக முடியும். ஆனால் நான் இப்போது பார்க்காததை எழுதுவதில்லை.

உங்கள் பிள்ளையை நாளைக் காலை எட்டு மணிக்கு வெறும் வயிற்றோடு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார வைப்பேன். அவர் எவ்வளவு திட்டினாலும், நீங்கள் எங்கிருந்து எவ்வளவு திட்டினாலும். இது உங்கள் மேல் சத்தியம்.

கோபம் இன்னும் தீராத
உங்கள் மருமகள்,
விஜயலட்சுமி